கியர்பாக்ஸ் உச்சியில் இரண்டு போல்ட் கைக்கு எட்டவில்லை. வீட்டில் இறக்கியவர்கள் வழி சொல்லுங்கள்

மரைகழன்றவன்:
வணக்கம். பின்சக்கரம் ஓடும் பழைய பிக்கப், 5 கியர் மேனுவல், இன்ஜின் நீளவாக்கில் இருக்கிறது. கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸை இறக்கிக்கொண்டிருக்கிறேன். வண்டி நான்கு ஸ்டாண்டில் நிற்கிறது. பேட்டரி நெகட்டிவ் கழற்றியாச்சு, ஸ்டார்டர் வெளியே, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியே. இன்ஜினோடு ஒட்டும் கியர்பாக்ஸின் மணி வடிவ முன்னுறை, அதாவது பெல் ஹவுசிங்கைச் சுற்றிப் பக்கவாட்டில் இருந்த போல்ட்டுகளும் கீழே இருந்தவையும் தகராறு இல்லாமல் வந்துவிட்டன.

மீதி உச்சியில் இரண்டு. கடிகாரத்தில் 11 மணியும் 1 மணியும் இருக்கும் இடம், 17 தலை (17 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்துவது). பானட் பக்கமாகப் போனால் இன்ஜின் ஹெட்டுக்கும் பயர்வாலுக்கும் (இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தகரம்) நடுவில் வெறுங்கை நுழைகிறது, ஸ்பேனரோடு நுழையவில்லை. கீழிருந்து தலையைப் பார்க்கவே முடியவில்லை, விரலால் தடவினால்தான் தெரிகிறது. ரிங் ஸ்பேனரைக் குத்துமதிப்பாக மாட்டினேன்; கொஞ்சம் அசைந்ததுமே அதன் வால் டனலில் (கியர்பாக்ஸுக்கு மேல் வளைந்திருக்கும் தரைத் தகரம்) இடித்துவிடுகிறது. நீள எக்ஸ்டென்ஷன் (சாக்கெட்டை நீட்டும் கம்பி) போடுவதா, வேறு ஏதாவது வழி இருக்கிறதா?

சாக்கெட்_சாமி:
கியர் லீவரைக் கழற்றினீர்களா? அதைச் சுற்றியுள்ள ரப்பரையும் தரைக் கம்பளத்தையும் தூக்கிப் பாருங்கள். சில வண்டிகளில் டனலின் மேல்தகரம் தனித் துண்டாக, திருகாணி போட்டுப் பூட்டியிருக்கும். அது இருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே போல்ட் தலையைப் பார்க்கலாம். இன்ஜின் சீட்டுக்கு அடியில் வரும் வேன்களிலும் இன்ஜின் மூடியைத் தூக்கினால் பாதி வேலை முடிந்தது.

மரைகழன்றவன்:
லீவர் கழற்றியாச்சு. தகரம் ஒரே துண்டு, வெல்டிங். லீவர் ஓட்டை வழியாகக் கை விட்டால் கியர்பாக்ஸின் முதுகுதான் கைக்கு வருகிறது, போல்ட் இன்னும் ஒரு முழம் முன்னால்.

பழைய_வண்டிக்காரர்:
தம்பி, முதலில் ஒரு வேலை. கழற்றிய பக்கவாட்டு போல்ட்டில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று திரும்பப் போட்டு ஸ்பேனரால் பிடித்து வையுங்கள். உச்சி போல்ட் இரண்டை மட்டும் நம்பிக் கியர்பாக்ஸைத் தொங்கவிட்டு அடியில் படுக்கக் கூடாது. சின்ன மேனுவல் பெட்டியே 30 கிலோவைத் தாண்டும். எட்டாததை முதலில் கழற்ற வேண்டும், கைக்கு வசதியானதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி கேள்விக்கு வருகிறேன். போல்ட் இருக்கும் இடத்துக்குக் கையை அனுப்ப வழி தேடுகிறீர்கள். அதை விட்டுவிட்டு போல்ட்டை உங்கள் பக்கம் வரவழையுங்கள். இன்ஜின் இரண்டு மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, பின்பக்கத்தைத் தாங்குவது கியர்பாக்ஸுக்கு அடியில் குறுக்கே போகும் கிராஸ் மெம்பர். கியர்பாக்ஸுக்கு ஜாக்கி கொடுத்து, பட்டையால் கட்டி, கிராஸ் மெம்பரைக் கழற்றிவிட்டு மெதுவாக இறக்கினால் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாகப் பின்னால் சாயும். வால் பக்கம் ஒரு சாண் இறங்கினால் பெல் ஹவுசிங்கின் உச்சி இரண்டு மூன்று விரற்கடை இறங்கும். உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டு விரற்கடைதான். கூடவே போல்ட்டின் தலையும் சற்றுக் கீழ்நோக்கித் திரும்பும். இப்போது பின்னாலிருந்து கம்பியை நேராக விடலாம், டனல் இடிக்காது.

ஆனால் இறக்கும் முன் மேலே என்னவெல்லாம் இடிக்கும், எதெல்லாம் இழுபடும் என்று பார்க்க வேண்டும். இன்ஜினின் பின்புறம் இறங்கினால் முன்புறம் ஏறும், ஃபேன் அதைச் சுற்றியுள்ள கூட்டில் (ஷ்ரவுடில்) முட்டும். பெல்ட்டில் ஓடும் ஃபேன் என்றால் ஷ்ரவுடை அவிழ்த்துப் பின்னால் தள்ளி வையுங்கள். ஹெட்டுக்குப் பின்னால் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் வண்டியில் அதன் மூடிதான் முதலில் பயர்வாலில் உடையும். ஹீட்டர் ஹோஸ், ஆக்சிலரேட்டர் கேபிள், எர்த் பட்டை, ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் ஒயர், கியர்பாக்ஸோடு சைலன்சர் குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப் எல்லாவற்றையும் பாருங்கள். ஜாக்கியை ஒருவர் இறக்க, இன்னொருவர் பானட் பக்கம் நின்று 'போதும்' சொல்ல வேண்டும். தனியாளாக இருந்தால் ஒரு விரற்கடை இறக்கி எழுந்து போய்ப் பார், மறுபடி இறக்கு. அலுப்புதான், வேறு வழியில்லை.

நெட்டைக்கம்பி:
பெரியவர் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். இறக்கிய பிறகு எனக்குப் பிடித்தது கியர்பாக்ஸின் முதுகோடு போகும் நீளக் கம்பி. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் மாட்டும் வாலுக்கும் பின்னால் நீங்கள் இருப்பீர்கள், சாக்கெட் பெல் ஹவுசிங்கில் இருக்கும். நடுவில் 80, 90 சென்டிமீட்டர் எக்ஸ்டென்ஷன். கை ஒடுங்கிய இடத்தில் இல்லை, ராட்செட்டை முழு வீச்சில் இழுக்கலாம்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

அரை இஞ்ச் டிரைவ் கம்பிதான் வேண்டும். எட்டில் மூன்று (3/8) இஞ்ச் கம்பி அந்த நீளத்தில் ஈரத்துணி பிழிவதுபோல் முறுகும்; ராட்செட் கால் சுற்று போயிருக்கும், போல்ட் அசைந்தே இருக்காது. முறுகினால் விசை காணாமல் போய்விடாது, மெதுவாக இழுத்துப் பிடித்தால் போல்ட் தலைக்கு முழுசாகப் போய்ச் சேரும். பிரச்சினை, போல்ட் திடீரென்று விடும்போது கம்பி துள்ளும். முகத்தை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

யுனிவர்சல் ஜாயிண்ட்டை சாக்கெட்டுக்கு ஒட்டியே போடுங்கள், நடுவில் போடாதீர்கள். அது தொளதொளவென்று தொங்குவதால் போல்ட் தலையில் உட்காராது. ஜாயிண்ட்டைச் சுற்றி இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றினால் விறைப்பாக நிற்கும், தேவையான அளவு வளையவும் செய்யும். ஒவ்வொரு இணைப்பிலும் டேப் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கம்பியை வெளியே இழுக்கும்போது சாக்கெட் மட்டும் உள்ளேயே தங்கிவிடும்.

சாய்வு குறைவு என்றால் ஜாயிண்ட்டே வேண்டாம். முனை உருண்டையாகக் கடைந்த வாபிள் எக்ஸ்டென்ஷன் சுமார் 15 டிகிரி வரை சாயும், ஜாயிண்ட்டைப் போல மடங்கி விழாது.

அப்புறம் சாக்கெட் ஆறு முனையாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் மாட்டுவதற்குச் சுலபம், ஆனால் துருப்பிடித்த தலையின் மூலைகளை அது சீக்கிரம் தின்றுவிடும்.

சாக்கெட்_சாமி:
இவ்வளவு எதற்கு? அந்தக் கம்பியின் பின்னால் இம்பாக்ட் கன் வைத்து ஒரு தட்டு தட்டினால் வேலை முடிந்தது.

நெட்டைக்கம்பி:
கன் அடிக்கும் அடி சின்னச் சின்ன அதிர்ச்சி. நீளக் கம்பி அதைச் சுருள்வில்லாக நின்று வாங்கிக்கொள்ளும், ஒவ்வொரு இணைப்பில் இருக்கும் தளர்ச்சியும் பங்கு கேட்கும். போல்ட்டுக்குப் போவது மிச்சம் மீதி. ராட்செட்டும் நீளக் கைப்பிடியும் இந்த இடத்தில் அதைவிட நன்றாக வேலை செய்யும். கன் வைத்தே தீருவேன் என்றால் கருப்பு இம்பாக்ட் சாக்கெட், இம்பாக்ட் ஜாயிண்ட் மட்டும். பளபளக்கும் குரோம் சாக்கெட் அதில் தெறித்துப்போகும்.

சாக்கெட்_சாமி:
இளகிய பிறகு சுழற்றி எடுக்கவாவது கன் நல்லது. அதை ஒத்துக்கொள்ளுங்கள்.

நெட்டைக்கம்பி:
அதை ஒத்துக்கொள்கிறேன்.

கிளட்ச்_கயல்:
மேலிருந்து போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராட்செட் ரிங் ஸ்பேனர் அந்த இடுக்குக்குப் பொருத்தம்தான், பல் நுணுக்கமாக இருந்தால் 5 டிகிரி ஆட்டத்திலேயே அடுத்த பல் பிடிக்கும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. போல்ட் கழன்று வர வர அதன் தலை ஸ்பேனரைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். பின்னால் பயர்வால் அல்லது டனல் தகரம். ஒரு கட்டத்தில் ஸ்பேனர் தலைக்கும் தகரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். போல்ட் முழுசாக வெளியே வரவும் இடமில்லை, ஸ்பேனரை உருவவும் இடமில்லை. திசை மாற்றும் பித்தான் உள்ள ஸ்பேனர் என்றால் திரும்ப இறுக்கி மீளலாம். ஸ்பேனரைக் கவிழ்த்துப் போட்டுத் திசை மாற்றும் வகை என்றால் அங்கே கவிழ்க்கவே முடியாது.

அதனால் அந்த ஸ்பேனரை முதல் சில சுற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இளகியதும் எடுத்துவிட்டு விரலால் திருகுங்கள். தலைக்குப் பின்னால் எவ்வளவு இடம், போல்ட்டின் நீளம் எவ்வளவு என்று கீழே கழற்றிய போல்ட் ஒன்றை வைத்து முன்கூட்டியே ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் உச்சி போல்ட் பல வண்டிகளில் மற்றதைவிட நீளமாக இருக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, முதல் இழுப்பை ராட்செட் ஸ்பேனரில் கொடுக்க வேண்டாம், உள்ளே பல் நொறுங்கும். சாதாரண ரிங்கில் இளக்கிவிட்டு அப்புறம் மாற்றுங்கள். கைப்பிடி நீளம் போதவில்லை என்றால் அதன் திறந்த முனையில் இன்னொரு பெரிய ஸ்பேனரின் ரிங்கைக் கொக்கியாக மாட்டி இழுக்கலாம்.

பதினேழு_பத்தொன்பது:
தலை 17 என்று விரலால் தடவியே முடிவு செய்துவிட்டீர்களா? சரிபார்த்துக்கொள்ளுங்கள். எம்10 போல்ட்டுக்கே பழைய ஜெர்மன் அளவில் 17, ஐஎஸ்ஓ அளவில் 16, ஜப்பான் வண்டிகளில் 14 தலை வரும். எம்12 என்றால் 19, 18, 17. 16 தலையில் 17 சாக்கெட் உட்காரும், இழுத்ததும் வழுக்கும். ஐரோப்பிய வண்டிகளில் வெளிப்பக்கம் நட்சத்திரமாக இருக்கும் இ-டார்க்ஸ் தலையும் வரும். அதில் சாதாரண சாக்கெட்டை அடித்து ஏற்றினால் மேடுகள் மழுங்கிவிடும், இ12, இ14 என்று அதற்குரிய சாக்கெட் வேண்டும். போனைக் கையோடு உள்ளே விட்டு வீடியோ எடுத்துப் பாருங்கள், கண்ணாடியைவிட அதுதான் வசதி.

மரைகழன்றவன்:
எல்லோருக்கும் நன்றி. பக்கவாட்டு போல்ட் இரண்டையும் திரும்பப் போட்டுவிட்டேன். வீடியோவில் பார்த்தேன், 17 தலைதான், மேலே 8.8 என்று வலிமைத் தரம் பொறித்திருக்கிறது. கூடவே ஒரு விஷயம் தெரிந்தது: 1 மணி போல்ட்டின் கீழே ஒரு தகரப் பட்டையும் கருப்பு ஒயரும் மாட்டியிருக்கிறது.

பழைய_வண்டிக்காரர்:
அது இன்ஜினுக்கு வரும் எர்த்தாக இருக்கும். குறித்து வையுங்கள். திரும்ப மாட்டும்போது அதை மறந்தால் ஸ்டார்டர் சோம்பேறித்தனமாகச் சுற்றும், பழியைப் பேட்டரிமேல் போடுவோம். கியர்பாக்ஸின் காற்றுக் குழாயும் அங்கேதான் எங்காவது கிளிப்பில் இருக்கும்.

அட்டை ஒன்றில் பெல் ஹவுசிங்கின் வட்டத்தை வரைந்து, போல்ட் இருந்த இடத்தில் ஓட்டை போட்டு அந்தந்த போல்ட்டை அதிலேயே குத்தி வையுங்கள். ஒரே தடிமன், வேறு வேறு நீளம் என்பது இந்த வேலையில் சகஜம். குட்டை போல்ட் நீளத்தின் இடத்தில் போனால் இரண்டு மரைதான் பிடிக்கும். நீள போல்ட் குட்டையின் இடத்தில் போனால் ஓட்டையின் அடியில் முட்டி நிற்கும், இறுகிய மாதிரி ஏமாற்றும்.

புதுக்கை:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே தலைவலி, ஆனால் முன்சக்கரம் ஓடும் கார், இன்ஜின் குறுக்காக இருக்கிறது. டனலே இல்லை. பயர்வால் பக்கம் ஒரு போல்ட், சேஸி தண்டுக்குப் பின்னால் மறைந்து இன்னொரு போல்ட். என்ன செய்வது?

கிளட்ச்_கயல்:
உங்களுக்கு மேலேதான் வாசல். பேட்டரி, பேட்டரித் தட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி மூன்றையும் எடுத்துவிடுங்கள். பெல் ஹவுசிங்கின் உச்சி முழுக்கத் தெரியும். அதைக் கழற்றச் சோம்பல்பட்டு இடுக்கில் கையை விட்டு மல்லுக்கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

பயர்வால் பக்கத்து போல்ட்டுக்கு சக்கரத்தை எடுத்துவிட்டு, டிரைவ் ஷாஃப்டை உருவிவிட்டு, சக்கர வளைவு வழியாக நீளக் கம்பி விடலாம். ஷாஃப்டை உருவும் முன் கியர் ஆயிலை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது உங்கள் சட்டைக்கைக்குள் இறங்கும்.

தண்டுக்குப் பின்னால் இருப்பதற்கு இங்கே பெரியவர் சொன்ன அதே வித்தைதான், திசை மட்டும் வேறு. இன்ஜினை மேலிருந்து குறுக்குக் கம்பியில் சங்கிலி போட்டுத் தாங்கிக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்டிங்கைக் கழற்றி அந்தப் பக்கத்தை மட்டும் ஜாக்கியில் கொஞ்சம் இறக்கினால் போல்ட் தண்டுக்குக் கீழே வந்து எட்டிப்பார்க்கும். மறுபக்கத்து மவுண்டிங்கின் ரப்பர் கிழியும் அளவுக்கு இறக்க வேண்டாம்.

குறுக்கு இன்ஜினில் ஓரிரு போல்ட் எதிர்த்திசையில், இன்ஜின் பக்கமிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும். பெரும்பாலும் ஸ்டார்டருக்குப் பக்கத்தில். கியர்பாக்ஸ் பக்கம் நின்று எவ்வளவு தேடினாலும் அதன் தலை தெரியாது.

புதுக்கை:
நன்றி அக்கா. பேட்டரித் தட்டை எடுத்ததும் ஒரு போல்ட் நேராகக் கண்ணில் பட்டது!

சாக்கெட்_சாமி:
மரைகழன்றவரே, ஒரு யோசனை. கழற்றிவிடுங்கள், திரும்பப் பூட்டும்போது உச்சியில் ஒன்றை விட்டுவிடுங்கள். மற்ற ஆறு ஏழு போல்ட் தாங்கும். நிறைய இடங்களில் இப்படித்தான் பூட்டி அனுப்புகிறார்கள். அடுத்த முறை யார் கழற்றினாலும் வாழ்த்துவார்கள்.

பதினேழு_பத்தொன்பது:
வாழ்த்த மாட்டார்கள். வண்டி இழுக்கும்போது கியர்பாக்ஸ் உறையைத் திருகும் விசையும், வாலின் எடை கீழே இழுக்கும் விசையும் பெல் ஹவுசிங்கின் முகத்தில்தான் விழுகின்றன. வால் கீழே இழுத்தால் பிளக்கப் பார்க்கும் இடம் எது? உச்சிதான். அங்கே போல்ட் இல்லை என்றால் பக்கத்து போல்ட்டின் காதில் (போல்ட் நுழையும் உறையின் மேடு) அத்தனை இழுப்பும் விழும். அலுமினியக் காது அதிர்வில் மெதுவாக விரிசல் விடும். விரிசல் விட்டபின் போல்ட் போட்டு என்ன பயன், உறையையே மாற்ற வேண்டும்.

சாக்கெட்_சாமி:
ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன.

பதினேழு_பத்தொன்பது:
விரிசல் விடும்வரை ஓடும். தயாரித்தவன் அங்கே போல்ட் போட இடமில்லாமல் திணறியும் ஓட்டை வைத்திருக்கிறான் என்றால் சும்மாவா?

பழைய_வண்டிக்காரர்:
சாமி, இதில் நான் பதினேழின் பக்கம். அப்படி விட்டுவிட்ட வண்டியில் அடுத்து கழற்றுகிறவன், இல்லாத போல்ட்டைத் தேடி அரை நாள் தடவிக்கொண்டிருப்பான்.

மரைகழன்றவன்:
வந்து சொல்கிறேன் என்று போனேன், பாதிச் செய்திதான் கொண்டுவந்திருக்கிறேன். கிராஸ் மெம்பரைக் கழற்றி இறக்கினேன். ஷ்ரவுடை முன்பே அவிழ்த்திருந்தேன், நல்லவேளை, ஃபேன் அது இருந்த இடத்துக்கே ஏறி வந்தது. மேலே இறங்கிய அளவு கொஞ்சம்தான், ஆனால் கீழே படுத்துப் பார்த்தால் இரண்டு தலையும் கண்ணுக்குத் தெரிகின்றன. 11 மணி போல்ட் நீளக் கம்பியில் ஒரே இழுப்பில் 'டக்' என்று விட்டது.

1 மணி போல்ட்டில்தான் சிக்கல். எனக்கு முன்னால் யாரோ அதில் தப்பான ஸ்பேனர் போட்டிருக்கிறார்கள், இரண்டு மூலை ஏற்கெனவே மழுங்கியிருக்கிறது. ஆறு முனை சாக்கெட்டே வழுக்கப் பார்க்கிறது. கேஸ் டார்ச் வைத்துச் சூடு காட்டலாமா?

பதினேழு_பத்தொன்பது:
இனி இழுப்பதை நிறுத்துங்கள். சூட்டுக் கணக்கு சரிதான்: அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் உறையைச் சூடாக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள பிடி தளரும். ஆனால் உங்கள் வண்டியில் போல்ட் போய்த் திருகுவது இன்ஜின் பிளாக்கில். அது வார்ப்பிரும்பாக இருந்தால் மரைப் பக்கம் அந்த லாபம் கிடைக்காது, உறை ஓட்டைக்குள் வெள்ளைத்தூள் பிடித்து இறுகியிருந்தால்தான் உதவும். அதோடு அந்த இடத்தில் எரிபொருள் குழாய், பயர்வால் பஞ்சு, ஒயர், நீங்கள் அடித்த துருநீக்கி எண்ணெய் எல்லாம் இருக்கின்றன. அங்கே திறந்த தீ வேண்டவே வேண்டாம்.

செய்ய வேண்டியது: துருநீக்கியை போல்ட் தலைக்கு அடியிலும், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் விளிம்பிலும் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் கம்பி முனையைத் தலைமேல் நேராக வைத்து மறுமுனையில் சுத்தியலால் சில அடி. அந்த அதிர்ச்சியில் துருவின் பிடி விரிசல் விடும். பிறகு முதலில் இறுக்கும் திசையில் ஒரு துளி, அப்புறம் கழற்றும் திசையில்.

நெட்டைக்கம்பி:
சாக்கெட் வழுக்கினால் உட்பக்கம் சுருள் வெட்டு உள்ள எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் இருக்கிறது. சுத்தியலால் தட்டித் தலையில் ஏற்றினால், கழற்றும் திசையில் திருப்பத் திருப்ப அது இன்னும் ஆழமாகக் கடிக்கும். அதன் பின்புறம் சதுர ஓட்டை, உங்கள் நீளக் கம்பி அப்படியே பொருந்தும். ஆனால் இதற்கு யுனிவர்சல் ஜாயிண்ட் வேண்டாம். கம்பி நேராக நிற்கும் அளவுக்கு ஜாக்கியை ஏற்றி இறக்கி அளவு பாருங்கள்.

பழைய_வண்டிக்காரர்:
அதுவும் வழுக்கினால் பயப்பட வேண்டாம். சாய்ந்த நிலையில் தலை கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா, சின்ன கிரைண்டரை அங்கே கொண்டுபோக முடிந்தால் தலையை அரைத்து எடுத்துவிடலாம். தலை போனதும் இழுத்துப் பிடித்திருந்த இறுக்கமும் போய்விடும். மற்ற போல்ட்டை எடுத்துக் கியர்பாக்ஸை உருவினால், மிச்சத் தண்டு பிளாக்கிலிருந்து விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். வைஸ் கிரிப் (பூட்டிக்கொள்ளும் இடுக்கி) போட்டால் பெரும்பாலும் சுலபமாக வந்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி, பெட்ரோல் குழாய்மேல் ஈரத்துணி, பக்கத்தில் ஒரு ஆள், இவை மூன்றும் இல்லாமல் கிரைண்டரைத் தொட வேண்டாம். மல்லாந்து படுத்திருக்கும்போது கண்ணாடி எப்போதுமே வேண்டும், துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

மரைகழன்றவன்:
கிரைண்டர்வரை போகவில்லை. ஊறவிட்டு, தட்டி, எக்ஸ்ட்ராக்டர் போட்டதில் முனகிக்கொண்டே வந்தது. மரை முழுக்கக் காவி.

இப்போது எல்லா போல்ட்டும் அட்டையில் இருக்கின்றன. பக்கவாட்டு இரண்டையும் எடுத்துவிட்டேன், எடை ஜாக்கியில் இருக்கிறது. ஆனால் கியர்பாக்ஸ் அசையவில்லை. கீழ்ப்பக்கம் ஒரு மயிரிழை திறக்கிறது, அவ்வளவுதான். கடப்பாரையைச் செருகி நெம்பட்டுமா?

கிளட்ச்_கயல்:
நெம்ப வேண்டாம்! ஒரு பக்கம் திறந்து ஒரு பக்கம் திறக்கவில்லை என்றால் திறக்காத பக்கம் இன்னும் எதுவோ பிடித்திருக்கிறது. ஸ்டார்டர் வழியாக வரும் போல்ட், பிளைவீலின் அடித்தகரத்தைப் பிடிக்கும் 10 அல்லது 12 தலைச் சின்ன போல்ட்டுகள், உறைக்கும் பிளாக்குக்கும் குறுக்கே போகும் முட்டுத் தகடு ஒவ்வொன்றாகப் பாருங்கள். அழுக்கும் ஆயிலும் மூடியிருந்தால் போல்ட் தலை மேடு மாதிரிதான் தெரியும், துணியால் துடைத்துவிட்டுத் தடவுங்கள்.

எதுவும் இல்லை என்று உறுதியானால் மீதி டவல் பின்தான் (உறையை நேராக உட்கார வைக்கும் முளை). இரண்டு பக்கமும் ஒவ்வொரு பின் இருக்கும், அதில் துருப்பிடித்து உறை ஒட்டிக்கொள்ளும். பின்னைச் சுற்றி துருநீக்கி விட்டு, ரப்பர் சுத்தியலால் உறையை இடமும் வலமும் மாற்றி மாற்றித் தட்டுங்கள். விளிம்பு ஒரே சீராகத் திறக்க வேண்டும். கோணலாக வந்தால் பின்னில் இறுகும், கிளட்ச் பிளேட்டில் செருகியிருக்கும் இன்புட் ஷாஃப்டும் வளைக்கப்படும்.

மரைகழன்றவன்:
இருந்தது! வலப்பக்கம், ஸ்டார்டர் ஓட்டைக்குக் கீழே, 12 தலை, கருப்பு மண்ணுக்குள். அதை எடுத்ததும் சுத்தியலுக்குக்கூட வேலை இல்லை. கியர்பாக்ஸ் இப்போது தரையில் பலகைமேல். இன்ஜினின் பின்புறத்துக்குச் சம்ப்பின் (ஆயில் தொட்டி) அடியில் ஜாக்கி கொடுத்திருக்கிறேன்.

பழைய_வண்டிக்காரர்:
சம்ப்புக்கும் ஜாக்கிக்கும் நடுவில் அகலப் பலகை இருக்கிறதா? சம்ப் மெல்லிய தகரம், ஆயில் உறிஞ்சும் வலை அதன் அடியை ஒட்டித்தான் இருக்கும். நடுவில் குழி விழுந்தால் வலையின் வாய் அடைபடும், ஆயில் அழுத்தம் போகும். பலகை விளிம்புவரை தாங்க வேண்டும்.

மரைகழன்றவன்:
பலகை இருக்கிறது, சம்ப்பைவிட அகலம். அப்புறம், திரும்ப ஏற்றும்போது உச்சி போல்ட்டை எப்படி ஓட்டையில் பிடிக்க வைப்பது? விரல் எட்டாது, கம்பி முனையில் வைத்தால் வழியிலேயே விழுந்துவிடும்.

நெட்டைக்கம்பி:
சாக்கெட்டுக்குள் ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து வைத்து போல்ட் தலையை அழுத்துங்கள், இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். காந்தமும் வைக்கலாம், ஆனால் அது போகும் வழியிலேயே டனல் தகரத்தில் ஒட்டிக்கொண்டு எரிச்சலூட்டும். முதல் நான்கைந்து சுற்றுக்கு ராட்செட் வேண்டாம், கம்பியை வெறுங்கையால் திருகுங்கள். கையால் போகவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, எடுத்து மறுபடி போடுங்கள்.

அதற்கு முன் இன்னொன்று. அதே மரையில் நீளமான போல்ட் இரண்டு வாங்கித் தலையை வெட்டிவிட்டு, முனையில் ஸ்க்ரூ டிரைவருக்கு ஒரு காடி போடுங்கள். பக்கவாட்டு ஓட்டைகளில் அதைத் திருகி வைத்தால் கியர்பாக்ஸ் அதன்மேல் வழுக்கிக்கொண்டு நேராகப் போய்ச் சேரும். உச்சி ஓட்டைகளும் தானாக நேர்ப்படும்.

பதினேழு_பத்தொன்பது:
உறைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இடைவெளி மிச்சம் இருக்கும்போது போல்ட்டை இறுக்கி இழுக்க வேண்டாம். கிளட்ச் பிளேட்டை மையம் பார்த்துப் பூட்டியிருந்தால் கியர்பாக்ஸ் கையால் தள்ளியே பிளாக்கோடு ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் ஷாஃப்டின் வரிப்பல் பிளேட்டில் இறங்கவில்லை. கியரில் போட்டு, வால் பக்கத்து ஷாஃப்டைக் கொஞ்சம் சுழற்றிக்கொண்டே தள்ளுங்கள். போல்ட்டால் இழுத்தால் உறையின் காது உடையும்.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால்: அங்கே கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸுக்குள் முழுசாக உட்காராமல் போல்ட்டால் இழுத்தால் ஆயில் பம்ப் நொறுங்கும். ஏற்றும் முன் உறை விளிம்பில் நேர்ச்சட்டம் வைத்துக் கன்வெர்ட்டர் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

மரைகழன்றவன்:
இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் நேராகப் போகாத இடத்தில் அளவு எப்படிப் பிடிப்பது? கையேட்டில் 60 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது.

நெட்டைக்கம்பி:
நீளக் கம்பி நேராக இருந்தால் ரெஞ்சில் 60 வைத்து மெதுவாக இழுங்கள், முனையிலும் 60 வரும். ஜாயிண்ட் சாய்ந்திருந்தால் அளவு ஏறி இறங்கும், அதனால் கியர்பாக்ஸ் சாய்ந்த நிலையிலேயே, கிராஸ் மெம்பரை ஏற்றும் முன் உச்சி போல்ட்டை முடித்துவிடுங்கள்.

குரோஃபுட் முனை (ரெஞ்சின் நுனியில் மாட்டும் ஸ்பேனர் தலை) போட்டு மேலிருந்து போவதாக இருந்தால், அதை ரெஞ்சுக்குச் செங்கோணத்தில் மாட்டினால் கணக்கே மாறாது. நேராக நீட்டி மாட்டினால் கைப்பிடி நீளமான மாதிரி ஆகிவிடும். ரெஞ்சின் நீளம் 400 மில்லிமீட்டர், முனை கூட்டும் நீளம் 40 என்று வைத்துக்கொண்டால் 60 × 400 ÷ 440, அதாவது சுமார் 54.5 வைக்க வேண்டும்.

கிளட்ச்_கயல்:
மூலை மழுங்கிய அந்த 1 மணி போல்ட்டைத் திரும்பப் போட வேண்டாம். அதே நீளம், அதே மரை, 8.8 தரத்தில் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக் ஓட்டையின் மரையை கம்பி பிரஷால் சுத்தம் செய்துவிட்டு விரலால் போகிறதா என்று இப்போதே பாருங்கள், கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதுதான் அந்த இடம் கைக்கு எட்டும்.

மரைகழன்றவன்:
இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன். 11 மணி ஓட்டையில் சுகமாகப் போகிறது, 1 மணி ஓட்டையில் மூன்று சுற்றுக்குப் பிறகு பிடிக்கிறது. டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு மரையை ஓட்டட்டுமா?

பதினேழு_பத்தொன்பது:
மரையின் இடைவெளி 1.5-ஆ 1.75-ஆ என்று பழைய போல்ட்டில் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். வெட்டும் டேப்பைவிட மரையைச் சுத்தம் மட்டும் செய்யும் சேசர் நல்லது, அது உலோகத்தைத் தின்னாது. எண்ணெய் விட்டு, அரைச் சுற்று போய்க் கால் சுற்று திரும்பி, குப்பையை ஊதி எடுத்துவிடுங்கள். ஓட்டையில் எண்ணெய் தேங்க விடாதீர்கள், அடி மூடிய ஓட்டை என்றால் போல்ட் இறுகாமலேயே இறுகிய மாதிரி நிற்கும்.

மரைகழன்றவன்:
பழைய போல்ட் எம்12, 1.75. சேசர் ஓட்டியாச்சு, புது போல்ட் விரலாலேயே அடிவரை போகிறது. கிளட்ச் பிளேட்டை மையம் பார்த்து, பிரஷர் பிளேட்டைப் பூட்டிவிட்டுக் கியர்பாக்ஸை ஏற்றுகிறேன்.

பழைய_வண்டிக்காரர்:
அந்தக் கருப்பு ஒயர்.

மரைகழன்றவன்:
புது போல்ட்டிலேயே இப்போது கோத்து வைத்துவிட்டேன், அண்ணே. ஒயர் முனையையும் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாச்சு.